யாருடைய கடமையை நம் பிள்ளைகள் சுமக்கிறார்கள்?

குழந்தைகள் உரிமை பற்றி எந்தக் கூட்டத்தில் பேசினாலும், முடிவில் ஒரு கை உயரும். "உரிமை, உரிமைன்னு சொல்லிக் குடுக்குறீங்களே, கடமையைப் பத்தி எப்ப சொல்லப்போறீங்க?" ஆசிரியர் கேட்பார். ஊர்ப் பெரியவர் கேட்பார். சில நேரம் நம் தோழர்களே கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். பிள்ளை என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளி அல்ல, அந்த வீட்டின் ஓர் ஆள். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது, தன் துணியைத் தானே மடித்து வைப்பது, காய்ச்சலில் கிடக்கும் பாட்டிக்குக் கஞ்சி எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் அந்த ஆளுக்குரிய பங்கு. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கேள்வி வேறு. நம் பிள்ளைகள் வீட்டில் செய்யும் வேலையில் எவ்வளவு அவர்களுடைய கடமை? எவ்வளவு, வேறு ஒருவர் செய்யாமல் விட்ட கடமை? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "பொறுப்பான பிள்ளை" என்று பாராட்டுவது, தலித் வீடுகளில், குறிப்பாகத் தோட்டத் தொழிலாளர் வீடுகளில், ஒரு சுரண்டலுக்குப் பொட்டு வைத்துப் பூ வைப்பது போலத்தான்.

ஒரு காலைப் பொழுதின் கணக்கு

கூடலூரிலிருந்து கேரளத்துக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது நாடுகாணி. அதைச் சுற்றி தேவாலா, பாண்டியாறு, அந்தப் பக்கம் சேரம்பாடி, கொளப்பள்ளி. அரசுத் தோட்டமும் உண்டு, தனியார் தோட்டமும் உண்டு. எந்த லைன் வீட்டுக்குப் போனாலும் காலைப் பொழுது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விடிகிறது.

அம்மா கொழுந்து எடுக்கப் போக வேண்டும். நேரத்துக்கு நிற்காவிட்டால் அன்றைய பேர் போய்விடும். அப்பா தோட்டத்தில் மருந்து அடிக்கப் போவார், இல்லையென்றால் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போயிருப்பார். பொதுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் வீட்டாருக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்காது. ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் மூத்த பெண்பிள்ளைதான் குடத்தோடு நிற்பாள். பிறகு சின்னவனை எழுப்பி, முகம் கழுவி, சட்டை மாட்டி அங்கன்வாடியில் விட வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அதுவும் அவள் இடுப்பில்தான். மழைக்காலத்தில் ஈர விறகை அடுப்போரம் அடுக்கிக் காய வைப்பது தனி வேலை. இத்தனைக்கும் பிறகு, வழியில் யானை நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு பள்ளிக்கு நடக்க வேண்டும்.

"மூத்தவ இருக்கா, பாத்துக்குவா." இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை நிறுவனங்கள் தப்பித்துப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதைத் தெளிவாக எழுதியிருந்தது. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ, நிர்வாகம் குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்றது அது. குடிநீரும் குடியிருப்பும் நிர்வாகத்தின் கடமை. இந்தச் சட்டம் 2020-இன் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. அதிலும் தோட்டங்களுக்கான காப்பகக் கடமை இருக்கிறது. ஆனால் நிரந்தரத் தொழிலாளர் குறைந்து, தற்காலிக ஆட்களும் ஒப்பந்த ஆட்களும் கூடக் கூட, "எங்களிடம் அத்தனை பேர் இல்லையே" என்று சொல்வது நிர்வாகத்துக்கு எளிதாகிறது. காப்பகம் மூடப்பட்டால் குழந்தை காணாமல் போவதில்லை. அது அக்காவின் இடுப்புக்கு வந்து சேர்கிறது.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அதன் நேரமும் கொழுந்து எடுக்கும் நேரமும் ஒன்றல்ல. கைக்குழந்தையை நாள் முழுதும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அல்ல. விடுவதற்கும் திரும்பக் கூட்டி வருவதற்கும் ஓர் ஆள் வேண்டும். எங்கள் பகுதியில் அந்த வழி எப்படிப்பட்டது என்பதற்கு 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே நடந்தது சாட்சி. அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தையைத் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை தாக்கிக் கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் குழந்தை அது. தாய் கூட இருந்தும் காப்பாற்ற முடியாத அதே மாதிரி வழியில்தான், பதினொரு வயதுப் பெண்ணைத் தம்பியைக் கூட்டி வர அனுப்புகிறோம். இதற்குப் பெயர் வீட்டுப் பொறுப்பா?

வீடே நம்முடையது இல்லை

குடும்பத்துக்குள் குழந்தையின் உரிமை, கடமை என்று பேசும் எந்தப் புத்தகமும் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறது. எங்கள் லயங்களில் அந்த அடித்தளமே ஆடுகிறது.

இங்குள்ள தோட்டக் குடும்பங்களில் பெரும் பகுதி இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்த்தார்கள். 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவு செய்தது. அந்த மக்களைக் கேட்டு எடுத்த முடிவல்ல அது. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் வனத்துறையின் தேயிலைத் திட்டமாகத் தொடங்கி, 1976-இல் கழகமாக ஆனதுதான் டேன்டீ. மறுவாழ்வு என்று சொன்னார்கள். கொடுத்தது அதே வேலை, அதே மாதிரி லைன் வீடு.

அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது டேன்டீ தொழிலாளர்களின் நெடுநாள் துயரம். 2022-இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையிட்டபோது அந்தப் பயம் இன்னும் கூடியது. ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு கட்டித் தரும் திட்டத்தை அரசு அறிவித்தது உண்மை. வரவேற்போம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த மனை, பட்டா என்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இதில் பிள்ளையின் இடம் எங்கே வருகிறது என்று பாருங்கள். அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது. மூட்டு வலி. "நம்ம வீட்டுல யாராவது ஒருத்தர் பேர் இருந்தாத்தான் வீடு நிக்கும்" என்ற பேச்சு அடுப்படியில் தொடங்கும். பன்னிரண்டாவது முடித்த மகளோ மகனோ அதைக் காதில் வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அவர்களை அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. தலைக்கு மேல் கூரை நிற்க வேண்டும் என்றால் கூடையை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். பாட்டி இலங்கையில் கொழுந்து எடுத்தாள், அம்மா இங்கே எடுக்கிறாள், மகள் எடுக்கப் போகிறாள். பிறப்பால் தொழில் என்பதற்கு மனுதர்மம்தான் வேண்டும் என்றில்லை. வீட்டுச் சாவியை நிர்வாகத்தின் கையில் வைத்தால் போதும்.

சாதி என்பது தொழிலைப் பிரிப்பது மட்டுமல்ல, தொழிலாளர்களையே பிரித்து மேலும் கீழும் அடுக்குவது என்று பாபாசாகேப் 1936-லேயே எழுதினார். சமூகவியல் வகுப்பில் அதைத் தேர்வுக்காகப் படித்தேன். லயத்துக்குள் வந்த பிறகுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

குலக்கல்வி பின்வாசல் வழியாக

தமிழ்நாட்டுக்கு இந்த வாதம் புதிது அல்ல. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைச் சுருக்கியது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார், மக்கள் கிளர்ந்தார்கள், 1954-இல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அன்றும் சொல்லப்பட்ட காரணம் அழகானதுதான்: பிள்ளை வீட்டுக்கு உதவட்டும், உழைப்பின் மதிப்பை அறியட்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் கற்பதும், தோல் பதனிடுபவர் வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் கற்பதும் ஒன்றா என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது, சரிதான். கூடவே ஒரு விலக்கு வைத்தார்கள்: ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, விடுமுறையில், பிள்ளை உதவலாம். குடும்பம் என்றால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் மட்டுமல்ல, மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி வரை. 2017-இன் விதிகள் சில வேலிகளைப் போட்டன: ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. ஆனால் லைன் வீட்டுக்குள் அதை யார் போய்ப் பார்ப்பது? தண்ணீர் தூக்குவதும், தம்பியைத் தூக்குவதும், அடுப்பு ஊதுவதும் 'தொழில்' என்ற கணக்கிலேயே வராது. சட்டம் தடுத்த நேரத்துக்குள்ளேதான், காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும்தான், எங்கள் பெண்பிள்ளைகளின் வேலை நாள் ஓடுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. ஒரு சிறுமி அடுத்தவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது குற்றம். அதே சிறுமி, தன் அம்மா வேலைக்குப் போவதற்காக, அதே நேரம், அதே வேலையைத் தன் வீட்டில் செய்தால் அது பாசம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தன் வீட்டில் அன்பு இருக்கிறது, அடி உதை செய்யும் எசமானி இல்லை. ஆனால் அவள் இழக்கும் தூக்கமும், தவறவிடும் முதல் பாடவேளையும் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

கடமை என்றால் அளவு வேண்டும்

உரிமை பேசுகிறவர்கள் கடமையை மறுக்கிறார்கள் என்பது பொய். 1990-இல் ஆப்பிரிக்க நாடுகள் குழந்தைகளுக்கென ஒரு சாசனம் எழுதின. அதன் 31-ஆவது பிரிவு பிள்ளைக்குக் கடமைகள் உண்டு என்றே சொல்கிறது: குடும்பம் ஒன்றாக நிற்க உழைப்பது, பெரியவர்களை மதிப்பது, தேவையின்போது உதவுவது. ஆனால் அந்தப் பிரிவு இந்தக் கடமைகளை அடுக்குவதே "வயதுக்கும் திறனுக்கும் உட்பட்டு" என்ற நிபந்தனையோடுதான். அடிமை வணிகத்தையும் காலனியையும் கண்ட மக்களுக்குத் தெரியும், அளவில்லாத கடமைக்கு வேறு பெயர் உண்டு என்று.

1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. அதன் 18-ஆவது பிரிவை நம் தோழர்கள் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. வளர்க்கும் பொறுப்பு தாய், தந்தை இருவருக்கும் பொது என்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குக் காப்பக வசதி கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல அதன் நோக்கம். பெற்றோர் பெற்றோராக இருக்க அரசு உதவ வேண்டும் என்பதுதான். நம் அரசமைப்போ 2002-இன் 86-ஆவது திருத்தத்தில், 6 முதல் 14 வயது வரை பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பு தருவதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவே எழுதிவிட்டது. அந்தக் கடமையை நிறைவேற்றும் நிலைமையில் பெற்றோரை வைப்பது யார் கடமை என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அளவு என்று சொன்னேன். அதற்குக் கையில் ஒரு கருவி இருக்கிறது. குழந்தைத் தொழிலாளரைக் கணக்கிடும் யுனிசெஃப், 5 முதல் 14 வயதுப் பிள்ளை வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ வீட்டு வேலை செய்தால், அதைக் கவலைக்குரிய எல்லையாக வைக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். உங்கள் ஊரில் ஐந்து வீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளிடமே கேட்டு, ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தண்ணீருக்கு எவ்வளவு, தம்பிக்கு எவ்வளவு, அடுப்புக்கு எவ்வளவு. "பாவம், கஷ்டப்படுறாங்க" என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். எண்ணிக்கையோடு போனால் கிராம சபையில் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

எல்லாப் பழியையும் நிர்வாகத்தின் மேலும் அரசின் மேலும் போட்டுவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளவும் முடியாது. குடத்தோடு நிற்பது ஏன் எப்போதும் அக்காவாகவே இருக்கிறாள்? அதே வீட்டில் அவளை விட ஒரு வயது மூத்த அண்ணன் இருப்பான். அவன் அந்த நேரத்தில் கிரிக்கெட் மட்டையோடு இருப்பான். உலகம் முழுதும் 5 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை விட 40 சதவீதம் அதிக நேரம் வீட்டு வேலை செய்கிறார்கள் என்று யுனிசெஃப் 2016-இல் சொன்னது. 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்தக் கணக்கில் ஆண்களில் கால்வாசிப் பேர்தான் வீட்டு வேலையில் கையே வைக்கிறார்கள். சாதியை எதிர்த்து மேடையில் முழங்கும் வீட்டிலும் இந்தக் கணக்கு மாறவில்லை என்றால், அந்த முழக்கத்தை முதலில் கேட்டு ஏமாறுவது நம் வீட்டுப் பெண்பிள்ளைதான்.

1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்களின் மாநாடு நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் முன் அம்பேத்கர் பேசினார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், அவர்களுக்குள் பெரிய கனவை விதையுங்கள், தாழ்வு எண்ணத்தைப் பிடுங்கி எறியுங்கள், திருமணத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள் என்றார். மனைவி கணவனுக்குச் சமமாக நின்று தோழியாக இருக்க வேண்டும், அடிமையாக இருக்க மறுக்க வேண்டும் என்றார். விடுதலை வீட்டுக்குள்ளே தொடங்க வேண்டும் என்பது நமக்கு வெளிநாட்டுச் சரக்கு அல்ல.

"நாங்களும் இப்படித்தான் தண்ணி தூக்கி, தம்பி தங்கச்சியை வளத்து, படிச்சு மேல வந்தோம்" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், மதிக்கிறேன். ஆனால் மேலே வந்தவர்கள்தான் மேடையில் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். எட்டாவதோடு நின்றவர்கள் அந்த நேரத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கதை மைக்குக்கு வருவதில்லை.

என்ன செய்யலாம்

ஒரு வீட்டுக்குப் போகும்போது நான் நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருப்பேன். இந்த வேலையைச் செய்துவிட்டும் பிள்ளைக்குத் தூக்கம், பள்ளி, விளையாட்டு மூன்றும் மிஞ்சுகிறதா? இந்த வேலை உண்மையில் ஒரு பெரியவரோ நிர்வாகமோ அரசோ செய்ய வேண்டியதா? அண்ணனும் தம்பியும் சமமாகச் செய்கிறார்களா? "இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா? நான்காவதுதான் முக்கியம். மறுக்க முடிந்தால்தான் அது பங்கு. மறுக்கவே முடியாதது வேலைச்சுமை.

பெற்றோரை மிரட்டி இது மாறாது. 1098 என்ற எண் ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கானது, அவசியம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு அக்காவுக்காகவும் அவள் தாயின் மேல் புகார் எழுதுவது, ஏற்கெனவே ஒடிந்த முதுகில் இன்னொரு கல் வைப்பது. சுமை எங்கிருந்து வந்ததோ அங்கே போக வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் காப்பகம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த வரியாகக் காப்பகம் வரட்டும். ஓய்வு பெற்றாலும் காலி செய்ய வேண்டாத, குடும்பத் தலைவியின் பெயரில் பட்டாவோடு கூடிய வீடு கேளுங்கள். நிலப் போராட்டமும் குழந்தை உரிமைப் போராட்டமும் எங்கள் மலையில் ஒரே போராட்டம்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பசியைப் போக்கும் திட்டம் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். லயத்தில் அது இன்னொன்றையும் செய்தது. தம்பி தங்கைக்குக் காலையில் சோறு வடித்து ஊட்டிவிட்டுப் போக வேண்டியிருந்த அக்காவுக்கு அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. எந்த அறிவுரைக் கூட்டமும் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்கவில்லை. அரசு தன் கடமையில் ஒரு துண்டைச் செய்தது, பிள்ளையின் தோளிலிருந்து அந்தத் துண்டு இறங்கியது.

அடுத்த துண்டு காப்பகம். அதற்கடுத்தது வீட்டு வாசலில் குழாய். அதற்கடுத்தது பட்டா. ஒவ்வொன்றாக இறக்குவோம். எல்லாம் இறங்கிய பிறகு தன் தட்டைக் கழுவவும், பாட்டிக்குக் கஞ்சி கொடுக்கவும் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. அதை அவர்கள் இப்போதே நம்மை விட நன்றாகச் செய்கிறார்கள்.

ஜெய் பீம்.